வெப்பம் போகும் வழி

மோட்டார் வண்டியின் பானெட்டைத் திறந்து பார்க்கிறவர்களின் கண் ஒருநாளும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் போய் நிற்பதில்லை. எஞ்சினின் ஓரத்தில் துருவேறி, சொரசொரத்து, தன் பட்டறையில் பிறந்ததென்று ஒப்புக்கொள்ள எந்த வார்ப்படக்காரரும் சற்றுத் தயங்கக்கூடிய உருவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த வார்ப்பிரும்புத் துண்டு, சிலிண்டர்களிலிருந்து சீறி வரும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்த்து அனுப்புவதைத் தவிர வேறெதற்கும் பிரயோஜனமற்றது என்றே தோன்றும். வண்டிக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வேண்டுமென்று ஆசைப்படுகிறவர் முதன்முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான். அந்த இடத்தில், கடையில் வாங்கிய பளபளப்பான எஃகுக் குழாய்களை, தனித்தனியாக வளைந்து இறங்கி ஓரிடத்தில் கூடும்படி பொருத்தி முடித்த பிறகுதான், பழைய இரும்பு இத்தனை காலமும் வாய்திறவாமல் எத்தனை காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது ஒவ்வொன்றாக வெளிவரத் தொடங்கும். பெட்ரோல் கொதிக்கும், வயர்களின் உறை இளகும், கால் வைக்கும் தகடு சுடும். வாங்கியது குழாய் மாத்திரமே என்று நினைத்திருப்பார். அந்த வண்டியை வரைந்த எஞ்சினியர் அதுவரை சுமந்துகொண்டிருந்த பொறுப்பும் கூடவே அவர் தலையில் இறங்கியிருக்கும்.

வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும்போதுதான் வேலை பிறக்கிறது என்றும், குளிர்ந்த இடம் ஒன்று இல்லாமல் வெப்ப யந்திரம் என்று ஒன்று இருக்கவே முடியாதென்றும், 1824ஆம் வருஷத்திலேயே சாதி கார்னோ என்ற இளம் பிரெஞ்சு எஞ்சினியர், நீராவி யந்திரங்களைப் பற்றி யோசிக்கும்போது சொல்லிவிட்டார். பெட்ரோல் எஞ்சினில் அந்தக் கணக்கு ஏறக்குறைய மூன்று பாகமாக விழுகிறது. எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்குச் சற்றுக் குறைவோ உருப்படியான வேலையாகிறது. இன்னொரு பங்கு ரேடியேட்டர் தண்ணீரோடும் எஞ்சினின் மேனியிலிருந்தும் காற்றில் கலக்கிறது. மீதிப் பங்கு புகையோடு போகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்து ஓட்டுகையில் வால்வைத் தாண்டி வரும் புகை 800 டிகிரி செல்ஷியஸை ஒட்டியோ அதற்கு மேலேயோ இருக்கும். அதை முதலில் எதிர்கொள்வது மேனிஃபோல்டு.

இந்த விஷயத்தைப் பேச மினி காரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1959 ஆகஸ்டு 26ஆம் தேதி உலகத்துக்குக் காட்டப்பட்ட அந்தச் சின்னஞ்சிறு பிரிட்டிஷ் வண்டியில் அலெக் இஸிகோனிஸ் எஞ்சினைக் குறுக்காக வைத்து, கியர் பெட்டியை அதன் அடியில் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அடக்கி, முன்சக்கரங்களை ஓட்டச் செய்தார் என்பது பிரசித்தம். அவ்வளவு பிரசித்தமில்லாத விஷயம், அந்த எஞ்சின் முதலில் இப்போதிருப்பதற்கு நேர் எதிராகத் திரும்பியிருந்தது என்பது. மாதிரி வண்டிகளில் கார்புரேட்டர் முன்பக்கம், காற்றை நேரே எதிர்கொண்டு நின்றது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால், இங்கிலாந்தின் ஈரமான குளிர்காற்றில் கார்புரேட்டரின் கழுத்துக்குள் பனிக்கட்டி பிடித்தது. எஞ்சின் மூச்சுத் திணறியது. எஞ்சினை அப்படியே அரைவட்டம் திருப்பிவிட்டதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுதான் முக்கியமானது. திருப்பியதன் விளைவாக, கார்புரேட்டரும் அதே பக்கத்தில் அதன் கீழே இருக்கும் எக்ஸாஸ்டும், எஞ்சினையும் பிரயாணிகளையும் பிரிக்கும் தகட்டுச் சுவரை அடுத்துக் காற்றோட்டம் குறைந்த இடுக்கில் போய் உட்கார்ந்தன. தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரோ முகப்புக் கம்பிக்குப் பின்னால் வந்து மழையில் நனைந்தது. குளிருக்கு அஞ்சி ஓடிய ஒரு வண்டி உஷ்ணத்தின் மடியில் விழுந்தது என்று இதைப் பரிகாசம் செய்யலாம். ஆனால் 34 குதிரைசக்தியுள்ள 848 சி.சி. எஞ்சினுக்கு, வார்ப்பிரும்பு மேனிஃபோல்டோடு, அந்த நாட்டுச் சீதோஷ்ணத்தில், அந்த ஏற்பாடு சரியாகவே இருந்தது. அதற்குப் பெயர்தான் சமரசம். பிற்பாடு வந்தவர்கள் அதில் ஒரு பக்கத்தை மாத்திரம் மாற்றுகிறார்கள்.

அவர்கள் மாற்றுவதற்கும் நியாயம் இருக்கிறது. ஒரு சிலிண்டரின் வால்வு திறந்தவுடன் புகை ஒரு சீரான ஓடையாக வெளிவருவதில்லை. அழுத்த அலையாக, அடி அடியாக வருகிறது. வார்ப்பிரும்பின் குட்டையான உட்குடைவில் ஒரு சிலிண்டரின் அலை அடுத்த சிலிண்டரின் வாசலில் போய் முட்டி, அங்கே வெளியேற நினைக்கும் புகையைத் தடுக்கிறது. குழாய்களை நீளமாகவும் தனியாகவும் கொண்டுபோய், தகுந்த தூரத்தில் இணைத்தால், முட்டுவதற்குப் பதிலாக அந்த அலை திரும்பும்போது உறிஞ்சுகிறது. மினியின் எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு மூன்றே எக்ஸாஸ்ட் வாசல்கள். நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களும் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே ஓரக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்து, நடுக் குழாயை நெடுந்தூரம் தனியே இறக்கி, பிறகு அவற்றோடு இணைக்கிற ஒரு வடிவம் மினிக்காரர்களிடையே நெடுங்காலமாகப் பெயர் பெற்றிருக்கிறது. கணக்கும் காதும் ஒப்புக்கொள்கிற அழகான வேலை அது.

ஆனால் அந்த அழகின் விலை, குழாயின் மேற்பரப்பில் இருக்கிறது. கனத்த, குட்டையான ஒரு கட்டியின் இடத்தில், மெல்லிய எஃகுத் தகட்டாலான நீண்ட குழாய்கள் வந்துவிட்டன. முன்பு கைக்கு எட்டாத மூலையில் அடங்கியிருந்த சூடு இப்போது தகட்டுச் சுவரின் உயரம் முழுவதிலும் படர்ந்து, பிரேக் திரவம் இருக்கும் சிலிண்டருக்கும், பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணத்துக்கும், பிந்தைய மினிகளானால் எஞ்சினின் பின்முதுகில் மேனிஃபோல்டுக்குக் கீழேயே இருக்கும் பெட்ரோல் பம்புக்கும் இன்னும் நெருங்கி வருகிறது. கம்பெனி கொடுத்த தடுப்புத் தகடு பெரும்பாலும் பழைய இரும்பிலுள்ள துளைகளில் திருகப்படுவது. புதுக் குழாயில் அந்தத் துளைகள் இருக்கமாட்டா. தகடு பட்டறையின் மூலைக்குப் போகும். இவ்வளவும் சேர்ந்து விளைவிக்கிற வேடிக்கையை இங்கேயே சொல்லிவிடலாம். எஞ்சின் உள்ளிழுக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைகிறது. சிலிண்டருக்குள் போகிற பிராணவாயு அந்த அளவுக்குக் குறைகிறது. புதுக் குழாய் வெளிவாசலில் சம்பாதித்துக் கொடுத்ததை, அதே குழாயின் சூடு உள்வாசலில் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறது.

பழைய இரும்பு செய்த காரியம் இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்து ஆஸ்டின், மாரிஸ் எஞ்சின்களில் உட்செல்லும் மேனிஃபோல்டும் வெளிச்செல்லும் மேனிஃபோல்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். குளிர்காலக் காலையில் பெட்ரோல் துளிகள் குழாய்ச் சுவரில் படிந்து தங்கிவிடாமல், சட்டென்று ஆவியாவதற்காக எக்ஸாஸ்டின் சூட்டைக் கொஞ்சம் கடன் கொடுத்த ஏற்பாடு அது. குழாய் மேனிஃபோல்டு போட்டவுடன் அந்தக் கடன் நின்றுபோகிறது. இங்கிலாந்தில் ஜனவரி மாதத்தில் எஞ்சின் சூடாகும்வரை இருமும். நம்முடைய நாட்டில் இதற்காக யாரும் அழப்போவதில்லை.

சூடு ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போக மூன்று வழிகள் உண்டென்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். எஞ்சின் அறையில் அம்மூன்றும் நடந்தாலும், பெரிய விஷமம் செய்வது கதிர்வீச்சுதான். பிளாட்டினக் கம்பியைக் காய்ச்சி டிண்டால் என்ற விஞ்ஞானி எடுத்திருந்த அளவுகளை வைத்துக்கொண்டு, வெளிப்படும் கதிர்வீச்சு தனி உஷ்ணநிலையின் நான்காவது படிக்கு ஏற்ப வளர்கிறது என்று வியன்னாவில் யோசெஃப் ஸ்டெஃபான் 1879இல் கண்டார். அவருடைய மாணவர் போல்ட்ஸ்மான் 1884இல் அதற்குத் தத்துவ ஆதாரம் கொடுத்தார். நான்காவது படி என்றால் என்ன என்பது மேனிஃபோல்டின் பக்கத்தில்தான் நன்றாக விளங்கும். 300 டிகிரியிலுள்ள குழாய் 600 டிகிரிக்கு ஏறும்போது, அது வீசும் சூடு இரட்டிப்பாவதில்லை. ஐந்து மடங்குக்கு மேலாகிறது. ஊருக்குள் கடைத்தெருவில் ஓட்டிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லையே என்று திருப்திப்பட்டவர், மலையேற்றத்தில் அரைமணி நேரத்தில் வயரிங்கை இழப்பதன் ரகசியம் இதுவே. சுமார் 525 டிகிரியில் எந்தப் பொருளும் இருட்டில் மங்கிய செந்நிறம் காட்டத் தொடங்கும் என்பதை டிரேப்பர் என்ற விஞ்ஞானி 1847இல் நிர்ணயித்தார். ராத்திரியில் நீண்ட ஏற்றம் ஏறி நிறுத்திய வண்டியின் பானெட்டைத் திறந்து அந்தச் சிவப்பைப் பார்த்தவர்களுக்குத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. கதிர்வீச்சில் பொருளின் உஷ்ணத்தைப் போலவே அதன் மேனியும் முக்கியம். துருப்பிடித்த இரும்பு, தன் உஷ்ணநிலையில் வீசக்கூடிய உச்ச அளவில் எண்பது சதவீதம்போல வீசுகிறது. மெருகேற்றிய அலுமினியம் ஐந்து சதவீதத்தை ஒட்டி.

இனிப் பரிகாரங்கள். இவற்றில் மிகவும் செல்வாக்குப் பெற்றிருப்பது குழாயின்மேல் சூடு தாங்கும் நாடா சுற்றுவது. முன்காலத்தில் கல்நார், அது சுவாசப்பையில் செய்யும் அநியாயம் தெரிந்தபின் கண்ணாடி இழை, இப்போது எரிமலைப் பாறையான பசால்ட்டை உருக்கி இழுத்த இழை. நாடாவைத் தண்ணீரில் ஊறவைத்து, விளிம்பின்மேல் விளிம்பு ஏறும்படி இறுகச் சுற்றி, துருப்பிடிக்காத எஃகுக் கட்டுகளால் முடிவார்கள். முதல்நாள் ஓட்டத்தில் புகையும் நாற்றமுமாக இருக்கும். அது நாடாவிலுள்ள பசை எரிவது. பிறகு எஞ்சின் அறை குளிர்கிறது என்பதும், புகை தன் சூட்டை இழக்காததால் வேகமாகப் போகிறது என்பதும் வாஸ்தவம்தான். இருந்தாலும் தினசரி ஓடும் வண்டிக்கு நாடா சுற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன். குழாய் தன் சூட்டை வெளியே வீச வழியில்லாமற் போகும்போது உலோகமே புகையின் உஷ்ணநிலையை நெருங்குகிறது. சாதாரண எஃகு அந்த நிலையில் செதில் செதிலாக உரிகிறது. பற்றவைத்த இடங்களில் வெடிக்கிறது. நாடா மழைத்தண்ணீரையும், குளிர்தேசங்களில் சாலையில் தூவும் உப்பையும் குடித்துத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. மேலே எங்கேனும் எண்ணெய் கசிந்தால் அதையும் குடித்து, ஒருநாள் திரியாகவே ஆகிவிடும். எல்லாவற்றையும்விட, அடியில் நடப்பது என்னவென்று கண்ணுக்குத் தெரியாது. நாடா சுற்றினால் உத்தரவாதம் கிடையாதென்று மேனிஃபோல்டு செய்கிறவர்களில் பலரே சொல்வது காரணமில்லாமல் அல்ல. பந்தயத்துக்குப் பந்தயம் கழற்றிப் பார்க்கிறவர்களுக்கு அது சரி. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அடியில் குனிகிறவர்களுக்குச் சரியில்லை.

பீங்கான் பூச்சு இதைவிட யோக்கியமான பரிகாரம். ஜெட் விமானச் சுழலிகளின் அலகுகளைக் காப்பதற்காக வளர்ந்த வித்தையின் தங்கை அது. அங்கே பயன்படும் ஸிர்க்கோனியா, இரும்பு கடத்தும் சூட்டில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாகவே கடத்துகிறது. உள்ளும் வெளியும் பூசினால் உலோகத்துக்குள் நுழையும் சூடே குறைகிறது என்பதால், நாடாவின் குற்றம் இதற்கு இல்லை. பூச்சு மிக மெல்லியது; அதனிடம் அற்புதங்களை எதிர்பார்க்கக்கூடாது. பணமும் அதிகம். குழாயை வாங்கும்போதே பூசிவிட வேண்டும். துருவேறிய பிறகு பூசுவது வீண்செலவு.

என் அபிப்பிராயத்தில் எல்லாவற்றிலும் உயர்ந்தது, எல்லாரும் அலட்சியம் செய்கிற தகடுதான். சூடான பரப்புக்கும் காக்கவேண்டிய பரப்புக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் ஒரு மெல்லிய தகட்டை நிறுத்தினால், அந்தத் தகடு அவ்விரண்டையும்போல் கறுத்திருந்தாலும்கூட, கடக்கும் கதிர்வீச்சு பாதியாகிறது. அது பளபளப்பாக இருந்தால் மிகச் சொற்பமே கடக்கிறது. காரியம் செய்வது தகட்டின் கனம் என்று நினைத்து இரும்புப் பலகையைப் போன்ற ஒன்றைச் செய்து மேனிஃபோல்டோடு ஒட்ட வைப்பவர்கள் உண்டு. அவர்கள் செய்திருப்பது இன்னொரு அடுப்பு. தகட்டுக்கு இருபுறமும் காற்று போகும் விரற்கடை இடைவெளிதான் உயிர். இரண்டு மெல்லிய தகடுகளை நடுவே இடைவெளிவிட்டு வைத்தால் இன்னும் விசேஷம். மினியில் கார்புரேட்டருக்குக் கீழே இப்படி ஒன்றும், பிரேக் சிலிண்டருக்கும் பம்புக்கும் முன்னால் சிறியதாக ஒவ்வொன்றும் வைக்க, தகடு வெட்டும் கத்தரியும் ஒரு மத்தியான நேரமும் போதும். இதே தத்துவத்தைச் செல்வம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு, 1992இல் கார்டன் மரே வடிவமைத்து வெளிவந்த மெக்லாரன் எஃப்-1 சாட்சி. கரியிழையால் ஆன அந்த வண்டியின் உடலை பி.எம்.டபிள்யூ.வின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுடைய உஷ்ணத்திலிருந்து காக்க, எஞ்சின் அறையின் உட்புறத்தில் பொன் தகடு ஒட்டினார்கள். பொன் அகச்சிவப்புக் கதிர்களைத் திருப்பியனுப்புவதில் வல்லது. எத்தனை சூட்டிலும் கறுக்காது. அதற்கு ஆன தங்கம் சுமார் 16 கிராம், அதாவது இரண்டு சவரன். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல; எனினும் பத்திரிகைக்காரர்கள் இன்றுவரை அதை ஆடம்பரம் என்றே எழுதி வருகிறார்கள்.

கதிர்வீச்சைத் தடுத்த பிறகும் அறைக்குள் சூடான காற்று மிஞ்சும். அது வெளியேற வேண்டும். பானெட்டின் பின்விளிம்பைத் தூக்கிவைத்துக் கீழே இரண்டு வாஷர் கொடுத்துவிட்டால் அனல் கண்ணாடிப் பக்கமாகப் போய்விடும் என்ற நம்பிக்கை எல்லாத் தேசத்திலும் இருக்கிறது. நின்ற வண்டியில் அது நிஜம். ஓடும் வண்டியில் நேர்மாறு. முன்கண்ணாடியின் அடியில் காற்று மோதிக் குவிந்து அழுத்தம் மிகுவதால், அந்த இடுக்கின் வழியே காற்று உள்ளே புகும். அந்த அழுத்தத்தை வேண்டுமென்றே பயன்படுத்தி, கண்ணாடியைப் பார்த்தபடி வாய்வைத்த பானெட்டை, எஞ்சினுக்கு மூச்சுக் கொடுப்பதற்காக 1960களின் கடைசியில் செவர்லே தன் காமரோவில் வைத்தது. அனல் வெளியேற வேண்டுமானால் திறப்பு அழுத்தம் குறைந்த இடத்தில், பானெட்டின் முன்பகுதியில், இருக்க வேண்டும். மினியிலோ இன்னொரு சிக்கல். அதன் ரேடியேட்டர் முகப்பில் இல்லை. இடதுபுறச் சக்கரக் குழிவின் ஓரமாக இருக்கிறது. எஞ்சினோடு சுழலும் விசிறி, எஞ்சின் அறைக் காற்றையே அதன் வழியாக வெளியே தள்ளுகிறது. அதாவது மேனிஃபோல்டு சூடாக்கிய காற்றுதான் தண்ணீரைக் குளிர்விக்கப் போகிறது. குழாய் மாற்றியபின் தண்ணீர் கொதிக்கிறதென்று தெர்மோஸ்டாட்டை மாற்றி, ரேடியேட்டரை மாற்றி, தண்ணீர் பம்பையும் மாற்றியபின் திகைத்து நிற்பவர்களுக்கு இந்தச் சம்பந்தத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஓடும்போது ஏற்படாத தொல்லை நின்றபின் ஏற்படும். சாவியைத் திருப்பியதும் விசிறி நிற்கிறது, தண்ணீர் நிற்கிறது, எதிர்க்காற்று நிற்கிறது. சிவந்த இரும்பு மாத்திரம் தன் சூட்டை விடுவதை நிறுத்துவதில்லை. அடுத்த சில நிமிஷங்களில் பானெட்டின் கீழ் உஷ்ணம், வண்டி ஓடியபோது இருந்ததைவிட அதிகமாகிறது. பெட்ரோல் ஒரே வஸ்து அல்ல, பல திரவங்களின் கலவை. அவற்றில் லேசானவை 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இந்த வகையில் நம் ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷ்காரர்களைவிட அனுபவம் அதிகம். உத்தரபாராவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், மினியின் எஞ்சினுக்கு அதே ஆஸ்டின் குடும்பத்தின் மூத்த சகோதரி. அதிலும் கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம். அக்கினி நட்சத்திரக் காலத்தில் மத்தியான வேளையில் நெடுஞ்சாலையோரப் புளியமரத்தடியில் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டிருக்கும் டிரைவரைப் பார்க்காத தலைமுறை இப்போதுதான் வந்திருக்கிறது. பம்ப், பின்னாலுள்ள டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்குகிறது. குழாயில் ஆவி நிரம்பிவிட்டால் பம்ப் எதைத் தள்ளும்? துணியிலுள்ள நீர் ஆவியாகிப் பம்பின் சூட்டை எடுத்துச் செல்ல, பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். அந்த டிரைவர்கள் வெப்பவியல் படிக்கவில்லை. ஆனால் காரியம் நடக்கும் இடம் எது என்று சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். துணியை அவர்கள் மேனிஃபோல்டின்மேல் போடவில்லை. எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலில், அந்தக் கலப்பு சிறிய அளவில் இருக்கும்போது ஆவியாகும் சுபாவம் கூடுகிறது என்பதையும் பழைய கார்புரேட்டர் வண்டிக்காரர்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது. டாங்கின் பக்கத்தில் மின்சாரப் பம்ப் ஒன்றை வைத்து, உறிஞ்சுவதற்குப் பதிலாகத் தள்ளச் செய்தால் பாதித் தொல்லை போய்விடும். மினியே ஆரம்பகாலத்தில் பின்புறம் வைத்த மின்சாரப் பம்போடுதான் வந்தது.

கடைசியாகக் குழாயின் அசைவு. அரைமீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 600 டிகிரி சூடேறும்போது சுமார் 5 மில்லிமீட்டர் நீள்கிறது. அது பிடித்துத் தொங்கும் சிலிண்டர் ஹெட்டோ தண்ணீரால் குளிர்ந்து கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. இந்த இழுபறியில், குழாயை ஹெட்டோடு பிடிக்கும் ஃபிளாஞ்ச் வளைந்து, கேஸ்கட் ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால், அந்த மயிரிழைச் சந்திலிருந்து வரும் புகை பற்றவைப்புத் தீயைப் போல எதிரிலுள்ளதைப் பொசுக்கும். மேலே சொன்ன தகடுகளெல்லாம் அதற்கு முன் பலிக்கா. குறுக்கே வைத்த மினி எஞ்சின் வேறு, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் முன்னும் பின்னும் ஆடுவது. அதை நிதானத்தில் நிறுத்தும் மேல்பிடிப்பின் ரப்பர் தேய்ந்திருந்தால் எவ்வளவு உயர்ந்த குழாயும் இணைப்பில் விரிசல் விடும். ஆகையால் புது மேனிஃபோல்டு போடுகிற அன்றைக்கே அந்த ரப்பரைப் புதிதாக மாற்றவேண்டும்; ஃபிளாஞ்சை நேர்ப்பலகையில் வைத்துப் பார்க்கவேண்டும்; சில முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு நட்டுகளைத் திரும்ப முறுக்கவேண்டும். நட்டுகள் எஃகாக இல்லாமல் பித்தளையாக இருப்பது உத்தமம். எஃகு நட் எஃகு ஸ்டட்டோடு அந்தச் சூட்டில் ஒன்றாகிப்போய், கழற்றும்போது ஸ்டட்டையும் முறித்துக்கொண்டு வரும். பித்தளை அப்படிப் பிடித்துக்கொள்ளாது. பழைய வார்ப்பிரும்பை எறியாமல் எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றி வைத்திருப்பவர், மனம் மாறுகிற அன்று, ஒரு சாதாரண ஸ்பேனரைக் கொண்டே அதைத் திரும்பப் பொருத்திவிடலாம்.